சிங்கப்பூருக்கு நாலு நாள், சொந்தக்காரர் பட்டியலுக்கு எத்தனை மாதம்?

கேள்வி: நான் காவேரிப்பட்டணத்தில் ஒரு தனியார் பள்ளியில் அலுவலக வேலை பார்க்கிறேன். கணவர் ஓசூர் சிப்காட்டில் இருக்கிறார். கொஞ்சம் மாந்தோப்பும் உண்டு. மே மாதக் கடைசியில், 13 வயது மகள், 9 வயது மகனோடு நாலு நாள் சிங்கப்பூர் போகிறோம். டிக்கெட், விசா, காலைச் சாப்பாட்டோடு ஓட்டல் எல்லாம் சேமிப்பிலிருந்து கட்டியாகிவிட்டது. கையில் 1,10,000 ரூபாய் இருக்கிறது. இதைச் சாப்பாடு, ஷாப்பிங், சுற்றிப் பார்ப்பது என்று எப்படிப் பிரிப்பது? சொந்தக்காரர்கள் வாங்கிவரச் சொன்ன பொருட்களுக்கு மட்டும் 1,40,000 ஆகும். அதை கிரெடிட் கார்டில் வாங்கி, பேங்க் மெசேஜில் சொல்வதுபோல் தவணையாக மாற்றிக்கொள்ளலாமா? அல்லது வெளிநாட்டுச் செலவுக்குக் கட்டணமே இல்லாத புது கார்டு எடுக்கலாமா? போன மே மாதம் மலேசியா போய்வந்ததில் கார்டில் சுமார் 62,000 பாக்கி நிற்கிறது. மாதம் 3,500 தவறாமல் கட்டிவருகிறேன். இருந்தாலும் ராத்திரியில் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

பதில்: நீங்கள் கேட்டது கையில் இருக்கும் 1,10,000 ரூபாயைப் பற்றி. அதை நீங்களே நன்றாகப் பிரித்துவிடுவீர்கள். கடன் வாங்காமல் டிக்கெட்டும் ஓட்டலும் கட்டிய உங்களுக்கு பட்ஜெட் போடுவது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த 62,000. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடிதத்தோடு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தீர்கள். ஒன்று கார்டு ஸ்டேட்மென்ட். இன்னொன்று, தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிய பட்டியல். கொழுந்தனாருக்கு போன். நாத்தனாருக்கு இரண்டு சென்ட் பாட்டில். அண்ணன் மகனுக்கு ஷூ, மாமாவுக்கு வாட்ச், பெரியம்மாவுக்குச் சேலை. ஒவ்வொரு பொருளுக்கும் நேராக ஆள் பெயர் இருக்கிறது. விலைகூட விசாரித்துப் போட்டிருக்கிறீர்கள். யார் எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்ற கணக்கு மட்டும் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. யாரும் கொடுக்கவில்லை, அதனால் எழுதவில்லை, அவ்வளவுதான்.

மலேசியாவிலும் இதேதான் நடந்திருக்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்த்தேன். அப்போது கார்டில் தேய்த்தது 1,05,000. அதில் உங்கள் வீட்டுக்கு வாங்கியது 23,000. மீதி 82,000 அடுத்தவர்களுக்கு. “வந்ததும் குடுத்துடறேன் அண்ணி” என்று சொன்னவர்களிடமிருந்து திரும்பி வந்தது 35,000. அதைக் கார்டில் கட்டினீர்கள், நல்லது. மிச்சம் 70,000 அப்படியே நின்றது.

இப்போது ஸ்டேட்மென்டைப் பாருங்கள். மாத வட்டி 3.5 சதவீதம். அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்தால் மாதம் 4.13 சதவீதம். 70,000-க்கு முதல் மாதமே 2,890 ரூபாய் வட்டிக்குப் போகிறது. நீங்கள் கட்டிய 3,500-இல் அசலில் கழிந்தது 610 ரூபாய். பதினோரு மாதத்தில் மொத்தம் 38,500 கட்டியிருக்கிறீர்கள், அசல் குறைந்ததோ எட்டாயிரத்துச் சில்லறைதான். முப்பதாயிரம் ரூபாய் வட்டியாகவே போய்விட்டது. உங்களிடம் வாங்கிக்கொண்டு கொடுக்காதவர்களின் பாக்கி 47,000. அவர்களுக்காக நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் சொல்லவில்லை.

தருமபுரியில் என்னிடம் கணக்கோடு வருகிறவர்களில், தவறாமல் கட்டுகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். கட்டாதவருக்கு பேங்கிலிருந்து போன் வரும், பயம் வரும், ஏதாவது செய்து முடிப்பார். பேங்க் கேட்கும் குறைந்தபட்சத் தொகையை (மினிமம்) மட்டும் கட்டுகிறவருக்கு யாரும் போன் செய்வதில்லை. கடன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும்.

இதே கார்டை சிங்கப்பூருக்கு எடுத்துப் போனால் என்ன ஆகும்? பழைய பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கு அந்த நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாத அவகாசம் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரிவதில்லை, தயவுசெய்து மனதில் வையுங்கள். போன தடவை வந்த அளவிலேயே இந்தத் தடவையும் பணம் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால், 1,40,000-இல் சுமார் 60,000 வரும், 80,000 நிற்கும். பழையதோடு சேர்த்து 1,42,000. மாத வட்டி மட்டும் 5,800-க்கு மேல். நீங்கள் கட்டும் 3,500 வட்டிக்கே காணாது. தவறாமல் கட்டக்கட்ட கடன் ஏறிக்கொண்டே போகும்.

“ஜூனில் மாங்காய்ப் பணம் வந்துவிடும்” என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் விலை எப்படி விழுந்தது என்று தோப்பு வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? மரத்தில் தொங்கும் காயை நம்பிக் கார்டைத் தேய்க்க வேண்டாம்.

சரி, அந்த போன் கணக்கைப் பார்ப்போம். பட்டியலில் பெரியது அதுதான். 1,200 சிங்கப்பூர் டாலர். டாலர் 70 ரூபாய் என்று வைத்தால் 84,000. “அங்க வரி திரும்பக் கிடைக்குது அண்ணி” என்று கொழுந்தனார் சொன்னாராம். உண்மைதான். சிங்கப்பூரில் 2024 ஜனவரியிலிருந்து ஜிஎஸ்டி 9 சதவீதம். குறைந்தது 100 டாலருக்கு வாங்கும் சுற்றுலாப் பயணி, வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்த கடையாக இருந்தால், சாங்கி விமான நிலையத்தில் அதைத் திரும்பக் கேட்கலாம். விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால் 1,200-இல் அதிகபட்சம் 99 டாலர். அதிலும் கட்டணம் பிடிப்பார்கள். இன்னொரு பக்கம், உங்கள் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் போடுவார்கள். அது 50 டாலர். ஆக, போன் விலை அங்கேயும் இங்கேயும் ஒன்று என்றே வைத்தாலும், மிச்சம் 49 டாலர், சுமார் 3,400 ரூபாய். 84,000-க்கு உங்கள் கார்டின் ஒரு மாத வட்டி 3,470. கொழுந்தனார் ஒரே மாதம் தாமதித்தால், வந்த லாபம் முழுவதும் போய் உங்கள் கையிலிருந்து மேலே போகத் தொடங்கும். அப்புறம், நம் ஊர் விமான நிலையத்தில் வரியில்லாமல் கொண்டுவர ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் சுங்கவரி கட்ட வேண்டியது பெட்டியை இழுத்துவரும் நீங்கள்தான், பொருளைக் கேட்டவர் இல்லை.

உங்கள் அண்ணி கேட்ட இரண்டு பவுன் செயின் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. “கழுத்துல போட்டுக்கிட்டு வந்துடு, யாரு கேக்கப்போறா” என்று சொல்லியிருக்கிறார். நகைக்கான வரிச்சலுகை, வெளிநாட்டில் ஒரு வருடத்துக்குமேல் தங்கியிருந்து திரும்புகிறவர்களுக்கு. நாலு நாள் போய்வருகிறவருக்குக் கிடையாது. அங்கே வாங்கிய நகையைச் சொல்லாமல் போட்டுக்கொண்டு வந்தால் பறிமுதல் செய்ய சட்டம் இருக்கிறது. பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு அந்தச் சிக்கல் உங்களுக்கு வேண்டாம். இதற்கு “முடியாது” என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பேங்க் அனுப்பும் தவணை மெசேஜ்களை நான் நம்புவதில்லை. ‘வட்டியில்லாத் தவணை’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். செயல்பாட்டுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சின்ன எழுத்தில் இருக்கும். வட்டியுள்ள தவணை என்றால் ஒவ்வொரு மாத வட்டிக்கும் ஜிஎஸ்டி தனி. அதைவிட முக்கியம், கொழுந்தனாரின் போனுக்கு நீங்கள் பன்னிரண்டு மாதம் தவணை கட்டுவதை எந்தப் பெயரில் அழைத்தாலும் அது உங்கள் கடன்தான். கட்டணமில்லாத புது கார்டும் அப்படியே. மாதாமாதம் முழுத் தொகையும் கட்டுகிறவருக்கு அது நல்ல பொருள். உங்களுக்கு இப்போது அது இரண்டாவது பள்ளம். விமான நிலையத்தில் லவுஞ்சில் இலவசச் சாப்பாடு என்று ஆசைகாட்டுவார்கள். அந்த ஒரு வேளை இட்லிக்காக இன்னொரு கார்டு வாங்காதீர்கள்.

இனி செலவு. என் கணக்கு தோராயமானதுதான், ஆனால் போதும்.

சாப்பாட்டுக்கு நாளைக்கு 75 டாலர், நாலு நாளைக்கு 300. ஹாக்கர் சென்டர் எனும் மலிவான சாப்பாட்டுக் கடைத் தொகுப்புகளில் சாப்பிட்டால் இது தாராளம். ஒரு தட்டு ஐந்து முதல் ஏழு டாலருக்குள் பெரும்பாலும் முடியும். லிட்டில் இந்தியாவில் தேக்கா சென்டர் இருக்கிறது, சைவம் என்றால் சிராங்கூன் ரோட்டில் 1947-லிருந்து இருக்கும் கோமள விலாஸ் இருக்கிறது. ஏசி ரெஸ்டாரன்டில் மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் கவனியுங்கள். 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்று அர்த்தம். 100 டாலர் சாப்பாடு பில்லில் 120 ஆகும். தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள், அங்கே குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். வீட்டிலிருந்து ஆளுக்கொரு பாட்டில் எடுத்துப்போங்கள்.

ரயில், பஸ்ஸுக்கு 60 டாலர். சுற்றிப் பார்ப்பதில் மனம் வருத்தப்படவே தேவையில்லை, அந்த ஊரில் நல்லது பல இலவசம். மெர்லயன் சிலை, தாவரவியல் பூங்கா, சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827-இல் தொடங்கிய மாரியம்மன் கோவில், சாங்கியில் ஜுவல் அருவி எதற்கும் டிக்கெட் இல்லை. கார்டன்ஸ் பை தி பேயில் கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் கட்டணம். வெளித்தோட்டமும், ராத்திரி 7.45-க்கும் 8.45-க்கும் அங்குள்ள செயற்கை ராட்சத மரங்களில் நடக்கும் ஒளிக்காட்சியும் சும்மாவே பார்க்கலாம். மகனுக்காக மிருகக்காட்சிசாலை மாதிரி ஒரே ஒரு பெரிய இடம், அதற்கு 200 டாலர். எது என்று பிள்ளைகளையே இப்போதே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அங்கே போய் முடிவு செய்தால் இரண்டாகிவிடும்.

சொந்தக்காரர்களுக்கு 100 டாலர். வீட்டுக்கு ஒரு சாக்லெட் பாக்கெட், ஒரு கோடாலித் தைலம். முஸ்தபா கடையில் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். பெரியம்மாவின் சேலையை நம் பக்கத்து பர்கூர் ஜவுளிக் கடையில் வாங்குங்கள். இங்கிருந்து கப்பலேறிப் போன துணியை அங்கே போய் டாலரில் வாங்கிவருவதில் அர்த்தமில்லை.

கைக்காவலாக இன்னொரு 100. மொத்தம் 760 டாலர், அதாவது 53,200. பெங்களூரு விமான நிலையத்துக்குப் போய்வர டாக்சிக்கு 7,000 சேர்த்தால் 60,000. பாதி டாலரை பேங்கின் ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் கார்டு) ஏற்றி, மீதியை நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குக் கணவரின் டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கடையில் அந்த டெபிட் கார்டைக் கொடுக்கும்போது “ரூபாயா, டாலரா” என்று மெஷினில் கேட்டால் டாலர் என்றே சொல்லுங்கள், ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விலை உங்களுக்கு நஷ்டம். சிங்கப்பூருக்குள் நுழையக் கேட்கும் வருகை அட்டையை இணையத்தில் நீங்களே இலவசமாக நிரப்பலாம், போய்ச்சேரும் நாளுக்கு மூன்று நாளைக்குள். ஏஜென்ட் தனிக்கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

1,10,000-இல் 60,000 போக மீதி 50,000. அதை இந்த வாரமே கார்டில் கட்டுங்கள். ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் இல்லை, இந்த வாரம். பாக்கி சுமார் 12,000 ஆகிவிடும். இரண்டு சம்பளத்தில் அதையும் முடித்துவிடலாம். அந்தக் கார்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.

பட்டியல் கொடுத்தவர்களிடம் என்ன சொல்வது என்பதுதான் உங்களுக்குப் பெரிய பாரம் என்று தெரிகிறது. “சிங்கப்பூர் போயிட்டு வெறுங்கையோட வந்தாங்க” என்று பேசுவார்கள் என எழுதியிருக்கிறீர்கள். சாக்லெட்டும் தைலமும் கொண்டுபோகிறவர் வெறுங்கையோடு வரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படி எழுதுங்கள்: “இந்தத் தடவை கார்டு எடுத்துட்டுப் போகல. வேணும்ங்கிறவங்க 15-ஆம் தேதிக்குள்ள பணம் போட்டுடுங்க, பெட்டியில இடம் இருந்தா வாங்கிட்டு வர்றேன்.” காரணம், விளக்கம் எதுவும் வேண்டாம். உங்கள் பிறந்த வீட்டு ஆட்களிடம் நீங்கள் பேசுங்கள். கணவர் வீட்டு ஆட்களிடம் அவர் பேசட்டும். “எங்க வீட்டு ஆளுங்ககிட்ட எப்படிச் சொல்றது” என்று அவர் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் இந்த ஸ்டேட்மென்டைக் காட்டுங்கள், வட்டி என்று போட்டிருக்கும் வரியை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பதினோரு மாதமாக அதை நீங்கள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்று. வராமல் நிற்கும் 47,000-இல் 22,000 கொழுந்தனாருடையது என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. அவர்தான் இப்போது போனும் கேட்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கணவர் அவர் வீட்டுக்கே போய், போன் பேச்சுக்கு முன்னால் அந்த 22,000-ஐக் கேட்கட்டும். ஒரே தடவையில் முடியாவிட்டால் மாதம் இவ்வளவு என்று தேதியோடு எழுதி வாங்கட்டும். முழுதாக வந்துவிட்டால் கார்டில் நிற்கும் 12,000-ஐ நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே அடைத்துவிடலாம், மகளின் பள்ளித் திறப்புச் செலவுக்கும் பத்தாயிரம் கையில் நிற்கும்.