நான்கு பேர் தலையாட்டினால்...

கேள்வி: தவறு என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒன்றைக் கூட்டத்தில் நான்கு பேர் சரியென்று சொன்னதும், நானும் தலையாட்டிவிடுகிறேன். இது மனத்திடம் இல்லாததன் அடையாளமா?

பதில்: அவ்வளவு எளிதாக உங்களைக் குறைசொல்லிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், ஒரு கோட்டைக் காட்டி, அதே நீளமுள்ள கோடு பக்கத்திலுள்ள மூன்றில் எது என்று கேட்டார்கள். சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும் விடைதான். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும், குறிப்பிட்ட சுற்றுகளில் ஒரே குரலில் தவறான கோட்டைக் காட்டும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். அந்தச் சுற்றுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள் கூட்டத்தோடு ஒத்துப்போயின. நால்வரில் மூவர் ஒருமுறையாவது விட்டுக்கொடுத்தார்கள். பிறகு விசாரித்தபோது, சிலர் தங்கள் கண்ணையே சந்தேகித்ததாகவும், வேறு சிலர் தனித்துத் தெரியக் கூசியதாகவும் சொன்னார்கள்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் வேறு ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே போதும், ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்துவிட்டது. அதாவது, நம்மைப் பணியவைப்பது எண்ணிக்கையைவிட, எல்லோரும் ஒருமனதாக இருக்கிறார்கள் என்ற தோற்றமே. அந்தத் தோற்றத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களின் குடிப்பழக்கம் குறித்து 1993-இல் வெளியான ஆய்வில், அந்தப் பழக்கத்தில் தமக்கு இருக்கும் சங்கடம் சக மாணவர்களுக்கு இல்லையென்றே மாணவர்கள் பொதுவாக நினைத்திருந்தது தெரியவந்தது. உங்கள் நான்கு பேரில் இருவர் உங்களைப் பார்த்துத்தான் தலையாட்டினார்களோ என்னவோ! அடுத்த முறை மறுத்துப் பேசத் தயக்கமாக இருந்தால், "எனக்கு ஒரு சந்தேகம்" என்று மட்டுமாவது சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: பழைய பகை ஏதுமில்லாத இடத்திலும் 'நம்மவர், அவர்கள்' என்ற பிரிவு எப்படி முளைக்கிறது?

பதில்: பகை தேவையே இல்லை, ஒரு பெயர் போதும். சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளி மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்தார். திரையில் தோன்றிய புள்ளிகளைக் கூடுதலாக மதிப்பிட்டவர்கள், குறைவாக மதிப்பிட்டவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டாலும், உண்மையில் யார் எந்தக் குழு என்பது தற்செயலாகவே முடிவானது. தன் குழுவில் யார் யார் என்பதுகூட ஒருவருக்கும் தெரியாது. பிறகு மற்ற மாணவர்களுக்குப் பணத்தைப் பங்கிடச் சொன்னார்கள்; அதில் தனக்கென்று எடுத்துக்கொள்ளவும் வழியில்லை. அப்படியிருந்தும் தம் குழுவினருக்கே கூடுதலாக ஒதுக்கினார்கள். என்னைத் திகைக்கவைப்பது இதைவிட மோசமான இன்னொரு முடிவு: எதிர்க்குழு தங்களைவிடப் பின்தங்க வேண்டும் என்பதற்காக, தம் குழுவுக்குக் கிடைத்திருக்கக்கூடிய பெரிய தொகையையே அவர்கள் பலமுறை குறைத்துக்கொண்டார்கள்.