கெட்டவன் தோற்றால் போதுமா?

கேள்வி: ஓசூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு நான் வீடு திரும்ப ராத்திரி எட்டு மணி ஆகிவிடும். அதுவரை என் ஐந்து வயதுப் பையன் மாமியாரோடு உட்கார்ந்து சீரியல் பார்க்கிறான். போன வாரம், "உன்னை உயிரோட விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தங்கச்சியைத் துடைப்பக்கட்டையால் அடித்துவிட்டான். அவள் கை வீங்கிவிட்டது. அத்தையோ, "கடைசியில கெட்டவன் தோத்துத்தானே போறான், புள்ள நல்லதைத்தான் கத்துக்கும்" என்கிறார். அது சரியா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: சரியில்லை அம்மா. இதையே அமெரிக்காவில் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் பேராசிரியர் சோதித்துப் பார்த்து, 1965இல் எழுதியிருக்கிறார். மூன்றரை முதல் ஆறு வயது வரையுள்ள 66 குழந்தைகளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். அதில் ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையைச் சுத்தியலால் அடிக்கிறார். அடித்தவருக்குச் சில குழந்தைகள் பார்த்த படத்தில் பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன, சிலர் பார்த்ததில் திட்டு விழுந்தது, மற்றவர்கள் பார்த்ததில் இரண்டும் இல்லை. அப்புறம் பொம்மை இருந்த அறையில் விட்டபோது, திட்டு விழுந்ததைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். ஆனால் "பார்த்ததைச் செய்து காட்டு, ஜூஸ் தருகிறேன்" என்றதும் மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குச் செய்து காட்டின. எல்லாரும் கற்றுத்தான் வைத்திருந்தார்கள். அதோடு, சீரியலில் நல்லவனும் அடித்துத்தானே ஜெயிக்கிறான்?

நம் பாரதக் கூத்தில் அடிதடி இல்லையா என்று அத்தை கேட்கலாம். நியாயம்தான். எனக்கு ஆறு வயது இருக்கும்போது, திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் மலை மாதிரி கிடந்தான். பீமன் தொடையில் அடித்ததும் வீறிட்டு அழுதேன். தாத்தா என்னைத் தூக்கிக்கொண்டு கூத்துக்காரர்கள் கொட்டகைக்குப் போனார். துரியோதனன் வேஷம் கட்டியவர் அங்கே உயிரோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் தடவிப் பாதி முகத்தில் அரிதாரத்தைத் துடைத்திருந்தார். "பயந்துட்டியா பாப்பா?" என்று கன்னத்தைத் தட்டினார். உங்கள் பையனுக்கு அந்தக் கொட்டகையைக் காட்ட ஆளில்லை. அத்தை பக்கத்தில் இருந்தாலும் அவரும் கதையில் மூழ்கிவிடுகிறார்.

முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு நடத்தியவள் சொல்கிறேன், டிவி பார்த்த பிள்ளைகளெல்லாம் முரடாகிவிடவில்லை. பயப்படாதீர்கள். எனக்குக் கவலை, டிவியில் வலி தெரிவதில்லை என்பதுதான். அடிபட்டவன் அடுத்த காட்சியில் சட்டை கலையாமல் வந்து நிற்கிறான்.

அத்தையிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நாளெல்லாம் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவருக்கு அந்த நேரம்தான் ஓய்வு. நீங்கள் வந்த பிறகு பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் நிம்மதியாகச் சீரியல் பார்க்கட்டும். அதுவரை பையன் வாசலில் விளையாடட்டும். எப்போதாவது அவனும் பார்க்க நேர்ந்தால், "அடி வாங்கினவங்களுக்கு வலிக்குமா?" என்று அத்தையே அவனிடம் கேட்கட்டும்.

பாப்பாவின் கையில் வீக்கம் இன்னும் வடியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது பையனையும் கூட்டிப் போங்கள். வீட்டில் மருந்தை அவனே தடவட்டும்.