காருக்குத் தனி சிம் தேவையா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: புதுக் காரில் இ-சிம் இருக்கிறது, மூன்று வருடச் சந்தா இலவசம் என்று சொல்லி விற்றார்கள். போனிலிருந்தே ஏசி போட முடிகிறது, கார் நிற்கும் இடம் தெரிகிறது. ஆனால் கார் திரையில் பாட்டு ஆப்பைத் திறந்தால் 'இணைய இணைப்பு இல்லை' என்கிறது. ஷோரூமில் கேட்டால் 'ஹாட்ஸ்பாட் போட்டுக்கோங்க சார்' என்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா? (மதுரை வாசகர்)

பதில்: ஏமாறவில்லை. விற்றவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். காருக்குள் இருக்கும் இ-சிம், போனில் போடும் சிம் மாதிரி அல்ல. இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான 'எம்2எம்' இணைப்பு அது. 2018 முதல் இவற்றுக்கு 13 இலக்க எண் முறையே வந்துவிட்டது. கதவுப் பூட்டு, ஏசி, அவசர அழைப்பு, கார் இருக்கும் இடம் என்று சில கிலோபைட் தகவல்களைத் தயாரிப்பாளரின் சர்வருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. மூன்று வருடத்துக்கு இலவசமாகத் தர முடிவதும் அதனால்தான். மாதம் 20 ஜிபி வீடியோவைத் தயாரிப்பாளர் உங்களுக்கு ஓசியில் ஓட்டிக் காட்ட மாட்டார்.

சில மாடல்களில் பாட்டு ஆப்புக்கு மட்டும் அந்த இணைப்பைத் திறந்துவிடுகிறார்கள், சிலவற்றில் அதுவும் இல்லை. புதிதாக வாங்கப் போகிறவர்கள் 'கனெக்டட் கார்தானே?' என்று கேட்பதில் பயனில்லை. 'பொழுதுபோக்குக்கு மாதம் எத்தனை ஜிபி, எத்தனை வருடத்துக்கு, அப்புறம் புதுப்பிக்க எவ்வளவு?' என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதைக்கு ஹாட்ஸ்பாட்தான் வழி. போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்துவிட்டு, கார் திரையின் செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குப் போய் உங்கள் போன் பெயரைத் தேர்ந்தெடுங்கள். பெயரே தெரியவில்லை என்றால், பெரும்பாலும் போன் 5 கிகாஹெர்ட்ஸில் ஒளிபரப்புகிறது, கார் 2.4ஐ மட்டும் தேடுகிறது என்று அர்த்தம். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட் செட்டிங்கில் 'பேண்ட்' என்பதை 2.4க்கு மாற்றுங்கள். ஐபோன் 12 முதலான மாடல்களில் பர்சனல் ஹாட்ஸ்பாட் பக்கத்திலேயே 'மேக்ஸிமைஸ் காம்பாட்டிபிளிட்டி' இருக்கும். அதை ஆன் செய்து, கார் இணையும்வரை அந்தத் திரையை மூடாமல் வைத்திருங்கள்.

கார் மென்பொருள் அப்டேட்டை 'தானாக இறக்கு' என்பதிலிருந்து 'கேட்டுவிட்டு இறக்கு' என்று மாற்ற மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் பாட்டுக்காகப் போட்ட ஹாட்ஸ்பாட்டை அப்டேட் தின்றுவிடும்.

கேள்வி: பொங்கலுக்குச் சென்னையிலிருந்து திருநெல்வேலி போகிறோம். முன்னால் பாட்டு, பின்னால் இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப்லெட். தினம் 2 ஜிபி திட்டம் போதுமா? (தாம்பரம் வாசகி)

பதில்: பாட்டுக்குத் தாராளமாகப் போதும், படத்துக்குப் போதாது. பாட்டின் கணக்கு எளிது. ஆப்பில் காட்டும் கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட்) எண்ணை 0.45ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எம்பி என்று வந்துவிடும். ஸ்பாட்டிஃபையின் சாதாரணத் தரம் 96. மணிக்கு 43 எம்பி. 160 என்றால் 72 எம்பி, 320 என்றால் 144 எம்பி. வழியில் நிற்பதையும் சேர்த்து 11 மணி நேரப் பயணம் என்று வையுங்கள்: 160 தரத்தில் இடைவிடாமல் கேட்டாலும் 800 எம்பியைத் தாண்டாது. கார் ஓடும் சத்தத்தில் 160க்கும் 320க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் அபூர்வம்.

வீடியோதான் விழுங்கும். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி மணிக்குக் குறைந்த தரத்தில் 0.3 ஜிபி, நடுத்தரத்தில் 0.7 ஜிபி, எச்டியில் 3 ஜிபி வரை ஆகும். இரண்டு பிள்ளைகள் நான்கு மணி நேரம் நடுத்தரத்தில் பார்த்தால் 5.6 ஜிபி. குறைந்த தரத்துக்கு இறக்கினால் 2.4 ஜிபி, 8 அங்குலத் திரைக்கு அதுவே போதும்.

தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். 96 கேபிபிஎஸ் பாட்டே அதில் ஓடாது. படம் நின்றுவிட்டது, பாட்டாவது கேட்கலாம் என்ற ஆறுதலும் அந்தத் தரத்தில் கிடையாது. இரவு 8 மணிக்குக் கிளம்பினால் ஒரு லாபம் உண்டு: நள்ளிரவு 12 மணிக்கு அடுத்த நாள் அளவு வந்துவிடும், ஒரே பயணத்துக்கு இரண்டு நாள் டேட்டா.

'எனக்குத்தான் அன்லிமிடெட் 5ஜி இருக்கிறதே' என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 5ஜி சிக்னலில் இருக்கும்வரைதான் அது கணக்கில் வராது. நெடுஞ்சாலையில் போன் 4ஜிக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் செலவு தினசரி அளவிலிருந்துதான் போகும். ஹாட்ஸ்பாட் வழியாகப் பகிர்வதற்கு உங்கள் திட்டத்தில் நிபந்தனை உண்டா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு திருட்டுச் செலவும் இருக்கிறது. டேப்லெட்டுக்கு உங்கள் ஹாட்ஸ்பாட்டும் வீட்டு வைஃபையும் ஒன்றுதான். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் எல்லாவற்றையும் ஆரம்பித்துவிடும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு 'மீட்டர்டு' என்று குறியுங்கள். ஐபேடில் 'லோ டேட்டா மோட்'.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் முதல் நாள் இரவே வீட்டு வைஃபையில் நான்கு படங்களை இறக்கி வைத்துவிட்டால் உங்கள் 2 ஜிபி திட்டமே மிச்சம். சில படங்கள், பார்க்க ஆரம்பித்த 48 மணி நேரத்தில் காலாவதியாகும். அதனால் ஊருக்குப் போகும்போது பாதி, திரும்பும்போது மீதி என்று பிள்ளைகள் பார்ப்பதாக இருந்தால், திரும்புவதற்கு முன் மறுபடி திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ இணைத்தால் ஹாட்ஸ்பாட் அறுந்துபோகிறது. ஹாட்ஸ்பாட் போட்டால் ஆண்ட்ராய்டு ஆட்டோ போகிறது. போன் கோளாறா, கார் கோளாறா? (கோவை வாசகர்)

பதில்: இரண்டும் இல்லை. போனின் மேப்பையும் பாட்டையும் கார் திரையில் காட்டும் வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஐபோனுக்கான கார்ப்ளே இரண்டுமே ப்ளூடூத்தில் அறிமுகம் செய்துகொண்டு, அப்புறம் வைஃபைக்கு மாறிவிடும். பல போன்களாலும் பல கார் திரைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு வைஃபை வேலைகளைப் பார்க்க முடிவதில்லை. தீர்வு: ஆண்ட்ராய்டு ஆட்டோவை ஒயரில் போடுங்கள், போனின் வைஃபை ஹாட்ஸ்பாட்டுக்கு விடுதலை ஆகிவிடும். ஒயர் ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும். சார்ஜுக்கு மட்டுமான மலிவு ஒயரில் இணைப்பே வராது.

போனுக்கும் காருக்கும் நடுவே ஓடும் அந்த வைஃபைக்கு டேட்டா செலவே கிடையாது. பாட்டும் மேப்பும் இணையத்திலிருந்து போனுக்கு வரும் அளவு மட்டும்தான் கணக்கு.

ஹாட்ஸ்பாட் ஓடும்போது வயர்லெஸ் சார்ஜர் தட்டில் போனை வைக்க வேண்டாம். 5ஜி, ஹாட்ஸ்பாட், சார்ஜ் மூன்றும் சேர்ந்த சூட்டில் போன் தானே சார்ஜை நிறுத்தும், வேகத்தைக் குறைக்கும். ஏசி காற்று படும் இடத்தில் வையுங்கள். அப்படியும் சுட்டால் 4ஜிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: சிம் போடும் வசதியுள்ள 'ஏஐ பாக்ஸ்' ஆன்லைனில் பார்த்தேன். யுஎஸ்பியில் செருகினால் கார் திரையே ஆண்ட்ராய்டு டிவி ஆகிவிடுமாம். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் உங்கள் காரில் ஒயர் வழிக் கார்ப்ளே இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலான பாக்ஸ்கள் கார்ப்ளே போல் வேடமிட்டுத்தான் திரைக்குள் நுழைகின்றன. அடுத்து அலைவரிசை. ஜியோ 4ஜிக்கு பேண்ட் 3, 5, 40 மூன்றும் வேண்டும். வெளிநாட்டுச் சந்தைக்கான பாக்ஸில் இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால் ஊருக்குள் ஓடும், புறவழிச் சாலையில் தவிக்கும். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது என்பதால், 4ஜி போனால் இணைப்பே போய்விடும்.

பாக்ஸ் தானாக அணைந்து அணைந்து எரிகிறது என்ற புகார்தான் அதிகம். காரணம் மின்சாரம். பல கார்களின் டேட்டா யுஎஸ்பி அரை ஆம்பியர் அளவே தரும், பாக்ஸுக்கு அது பற்றாது. 'ஒய்' வடிவ ஒயர் வாங்கி, ஒரு காலை 12 வோல்ட் சாக்கெட் சார்ஜரில் செருகினால் சரியாகும். வண்டியை அணைத்த பின்னும் அந்தச் சாக்கெட்டில் மின்சாரம் வருகிறதென்றால் இறங்கும்போது பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நாலு நாள் நிறுத்திய பிறகு பேட்டரி இறங்கியிருக்கும். மலிவு பாக்ஸ்கள் பலவற்றில், படத்தை நகலெடுக்க விடாமல் காக்கும் உயர்நிலைக் காப்புச் சான்று (வைட்வைன் எல்1) இருக்காது. எச்டி கட்டணம் கட்டினாலும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாகத்தான் வரும்.

கார் ஓடும்போது முன் திரையில் வீடியோ வராதபடி தயாரிப்பாளர் வைத்த பூட்டை இந்தப் பாக்ஸ் தாண்டிவிடுகிறது. அதை ஒரு வசதியாக விளம்பரம் செய்வதுதான் கொடுமை. ஓட்டுபவர் கண்ணில் படும் திரையில் படம் ஓடக்கூடாது. பின் சீட்டுக்கு வேண்டுமென்றால் டேப்லெட்டே மலிவு.

கேள்வி: கார் என்னிடமும் மகனிடமும் மாறி மாறி இருக்கும். பாக்கெட் ரவுட்டர் ஒன்றைக் காரிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: தனி சிம் நியாயமாகத் தேவைப்படுவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஆனால் பேட்டரி உள்ள ரவுட்டர் வேண்டாம். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே அதைவிடச் சூடு ஏறும், பேட்டரி உப்பிவிடும். பேட்டரி இல்லாத, யுஎஸ்பியில் செருகும் 4ஜி வைஃபை டாங்கிள் வாங்குங்கள். 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜரில் செருகினால் வண்டி ஸ்டார்ட் ஆனதும் தானே எழுந்துகொள்ளும்.

சிம்மை மற்ற போன்களில் இல்லாத நிறுவனத்திலிருந்து வாங்கினால் ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று எடுக்கும். ப்ரீபெய்டில் வெறும் டேட்டா டாப்-அப் மட்டும் போட்டால், அடிப்படைத் திட்டம் முடிந்தவுடன் அதுவும் செயலிழக்க வாய்ப்புண்டு. போடும் முன் கேளுங்கள். வீட்டில் போஸ்ட்பெய்ட் குடும்பத் திட்டம் இருந்தால் கூடுதல் சிம் ஒன்றைச் சேர்ப்பது லாபம், டேட்டா பொதுவில் பகிரப்படும்.

கேள்வி: கொல்லிமலை, வால்பாறை ஏறும்போது எந்த நெட்வொர்க் எடுக்கும்? (நாமக்கல் வாசகர்)

பதில்: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் விடாமல் எடுக்கும் நெட்வொர்க் என்று எதையும் நம்பிப் போகாதீர்கள். மலைச்சரிவு டவரை மறைத்தால் எந்த சிம்மும் ஒன்றுதான். அடிவாரத்துக்கு முன்பே மேப்பையும் பாட்டையும் இறக்கி வையுங்கள். ஸ்பாட்டிஃபையில் பாட்டு இறக்க பிரீமியம் வேண்டும். 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆன்லைனில் வராவிட்டால் இறக்கிய பாட்டுகள் போய்விடும். இல்லையென்றால் பென்டிரைவ் இருக்கவே இருக்கிறது.

கேள்வி: பழைய கனெக்டட் கார் வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளரின் சந்தா இன்னும் ஓடுகிறது. அப்படியே விட்டுவிடலாமா? (திருச்சி வாசகி)

பதில்: விடவே கூடாது. அவர் போன் ஆப்பில் உங்கள் கார் நிற்கும் இடம் இன்னமும் தெரிந்துகொண்டிருக்கலாம். அவரை ஆப்பிலிருந்து காரை நீக்கச் சொல்லுங்கள், கார் திரையில் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், உங்கள் பெயருக்கு மாறிய ஆர்சி நகலுடன் சர்வீஸ் சென்டரில் கணக்கை மாற்றித் தரக் கேளுங்கள். ரீசெட் மட்டும் செய்தால் சர்வரில் அவர் பெயர் அப்படியே இருக்கும்.