டாக்பேக் இருந்தும் கேபிள் பெட்டி பேசவில்லையா?

டிவியில் பழுதில்லை, மார்த்தாண்டம் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். முகப்புத் திரையை டாக்பேக் (திரையிலுள்ள எழுத்தைக் குரலில் வாசிக்கும் ஆண்ட்ராய்டு வசதி) வாசிக்கிறது, கேபிளுக்கு மாற்றினால் பார்வையில்லாத அப்பாவுக்குச் சேனல் பெயர் கேட்பதில்லை என்கிறீர்கள். பெட்டியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கம்பி வழியே வருவது படமும் ஒலியும்தான். படத்திலுள்ள எழுத்தை டாக்பேக் படிக்காது. பெட்டிதான் பேச வேண்டும்.

பெட்டியின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' இருக்கிறதா பாருங்கள். ஆண்ட்ராய்டு பெட்டி என்றால் பெரும்பாலும் அங்கேயே டாக்பேக் இருக்கும். தமிழ்ப் பெயர்களை மட்டும் விழுங்கினால், பேச்சு அமைப்பில் தமிழ்க் குரலை இறக்குங்கள். நம் பக்கம் மலையாளச் சேனலும் ஓடுமே, அதற்கும் தனிக் குரல் வேண்டும்.

சாதாரணப் பெட்டியா? சரி, எண்களை மனப்பாடம் செய்வதுதான் வழி. தக்கலையில் என் மாமா ரிமோட்டின் 5-ஆம் பொத்தானில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்திருக்கிறார். விரல் அதைத் தொட்டதும் மற்ற எண்கள் தானாக வந்துவிடும்.

ஒன்று: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்லும் ஒலி விவரிப்பு, காட்சியில் நடப்பதைச் சொல்வது. மெனு வாசிப்பது வேறு. புகார் எழுதினால் இரண்டையும் கலக்காதீர்கள்.