ஐரோப்பா எப்படி ஒன்றானது? – கேள்வி பதில்

கேள்வி: சார், இரண்டு உலகப் போரிலும் அடித்துக்கொண்ட பிரான்சும் ஜெர்மனியும் எப்படிச் சேர்ந்தன?

பதில்: பாசத்தால் இல்லை, நிலக்கரியால். டாங்கி செய்ய எஃகு வேண்டும், எஃகு காய்ச்ச நிலக்கரி வேண்டும். இரண்டையும் பொதுவான ஓர் அமைப்பிடம் விட்டுவிட்டால், பக்கத்து நாட்டுக்குத் தெரியாமல் ஆயுதம் குவிக்க முடியாது. 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் அறிவித்தது இதைத்தான். யோசனை ழான் மோனே என்ற பிரெஞ்சு அதிகாரியுடையது. இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவையும் சேர, 1951இல் ஆறு நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அதுதான் தொடக்கம். ஷூமனே எல்லையில் வளர்ந்த ஆள்தான்: லக்சம்பர்க்கில் பிறந்து, ஜெர்மன் குடிமகனாக இருந்து, முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர் ஆனவர்.

கேள்வி: பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசாவான ஷெங்கன் விசா கையில் இருக்கிறது. அயர்லாந்துக்கும் போகலாமா?

பதில்: முடியாது, அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் ஷெங்கனில் இல்லை; தனி விசா வேண்டும். ஆனால் ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்துக்கும் நார்வேக்கும் அதே விசாவில் போகலாம். ஒன்றியம் வேறு, ஷெங்கன் வேறு.

கேள்வி: ஷெங்கன் என்றால் என்ன சார், யாராவது தலைவர் பெயரா?

பதில்: ஊர்ப் பெயர். லக்சம்பர்க்கில், மோசெல் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். எதிர்க்கரை ஜெர்மனி, பக்கத்திலேயே பிரான்ஸ். 1985 ஜூன் 14 அன்று ஆற்றில் நின்ற ஒரு கப்பலில்தான், தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனையை நீக்க ஐந்து நாடுகள் ஒப்பந்தம் போட்டன. சோதனை உண்மையில் நின்றது 1995இல். ஆக, நடுவில் பத்து வருஷம்!

கேள்வி: எல்லைக் கோடு வீட்டுக்குள்ளேயே போகும் ஊர் இருக்கிறதாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். நெதர்லாந்தும் பெல்ஜியமும் துண்டு துண்டாகக் கலந்து கிடக்கும் பார்லே. நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகள், ஒரு பக்கம் நெதர்லாந்து, மறு பக்கம் பெல்ஜியம். வீட்டு வாசற்கதவு எந்தப் பக்கமோ அந்த நாட்டு முகவரி. 2020 கொரோனாவில் இரு அரசுகளும் வேறு வேறு விதி போட்டதால், ஒரு துணிக்கடையின் பெல்ஜியப் பாதியை மட்டும் நாடா கட்டி மூடினார்கள். எல்லை அழியவில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் மறுபடி விழித்துக்கொள்ளுமா?

பதில்: விழிக்கும்போது முதலில் பாதிக்கப்படுவது தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்தான். பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் ஊருக்கு 2017இல் டிராம் விட்டார்கள். கொரோனா வந்ததும் அது பிரெஞ்சுக் கரையோடு நின்றது. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருந்தது. ‘தற்காலிகம்’ என்றுதான் பெயர். அப்போதும் அந்த டிராம் ஓடத்தான் செய்தது.