ஜி லீகுக்கு ஆல்-ஸ்டார் ஆட்டம் எதற்கு?

கேள்வி: அமெரிக்காவின் ஜி லீக், அந்நாட்டின் முதல்தரக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் இடம் கிடைக்காதவர்கள் ஆடும் போட்டி. அதற்கும் சிறந்த ஆட்டக்காரர்களைத் திரட்டும் ஆல்-ஸ்டார் ஆட்டம், தாவிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் போட்டி, தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளிப் போட்டி என்று நடத்தி வந்ததில் என்ன பெருமை? மேக் மெக்லங் மூன்று முறை டங்க் பட்டம் வாங்கியும் என்பிஏவில் நிலைக்கவில்லையே?
– வாசகர், பெரியகுளம்

பதில்: இடம் கிடைக்காதவர் என்றால் திறமை இல்லாதவர் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் கேட்கிறீர்கள். அது தவறு. என்பிஏவில் 30 அணிகள், அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள். உலகம் முழுவதிலும் இருந்து வருகிறவர்களுக்கு மொத்தமே 450 இடம். இரண்டு லீகிலும் ஆடவிடும் 'டூ-வே' ஒப்பந்தம் அணிக்கு மூன்று. அதைச் சேர்த்தாலும் இன்னும் 90தான். கடைசியாக உள்ளே போனவருக்கும் வாசலில் நின்றுவிட்டவருக்கும் திறமையில் பெரிய வித்தியாசம் இருக்காது. யாருக்குக் காயம், எந்தப் பயிற்சியாளருக்கு யார் தேவை என்பதெல்லாம் சேர்ந்துதான் அதை முடிவு செய்கிறது.

ஆண்ட்ரே இங்ரமின் கதையைப் பாருங்கள். இயற்பியல் படித்தவர். ஜி லீகுக்கு டி-லீக் என்று பெயர் இருந்த காலத்திலேயே ஆட வந்தார். சம்பளம் போதாமல் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். நீங்கள் பெருமை இல்லை என்கிற அந்த மூன்று புள்ளிப் போட்டியை 2010இல் வென்றார், 2016இல் மறுபடியும் வென்றார். யாரும் கூப்பிடவில்லை. பத்து சீசன் கழித்து, 2018 ஏப்ரல் 10 அன்று, 32 வயதில், என்பிஏவின் லேக்கர்ஸ் அணி அவரை ஹூஸ்டன் அணிக்கு எதிராக இறக்கியது. மூன்று புள்ளி எறிதல் ஐந்தில் நான்கு உள்ளே. மொத்தம் 19 புள்ளிகள். அரங்கமே அவருக்காக 'எம்விபி' (மிகச்சிறந்த ஆட்டக்காரர்) என்று கோஷம் போட்டது. அந்தக் கை 2010இலும் அதே கைதான். போட்டி தன் வேலையைச் சரியாகச் செய்து, இவரால் எறிய முடியும் என்று எல்லோருக்கும் முன்னால் காட்டியிருந்தது. பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்களிடம் கேளுங்கள் உங்கள் கேள்வியை.

அப்புறம் மெக்லங். டங்க் பட்டம் வேலை வாங்கித் தராது என்பது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் வெறும் டங்க் ஆட்டக்காரர் இல்லை. 2023-24இல் ஜி லீகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். ஆறடி இரண்டு அங்குல உயரம் என்பது என்பிஏவில் குட்டை; அப்படிப்பட்டவரை எதிரணி தேடித் தேடித் தாக்கும். தற்காப்பில் அணிகள் அவரை நம்பத் தயங்குகின்றன என்பது என் கணிப்பு. இன்னொன்றையும் யோசியுங்கள். அவர் வென்றது ஜி லீகின் போட்டியில் இல்லை, என்பிஏவின் சொந்த டங்க் போட்டியில்: 2023, 2024, 2025 என்று வரிசையாக மூன்று முறை. அப்படி மூன்று தொடர்ந்து வென்றவர் அவருக்கு முன் யாருமில்லை. முதல் பட்டம் வாங்கும்போது அவர் ஆடியிருந்த என்பிஏ ஆட்டங்கள் இரண்டே இரண்டு. லெப்ரான் ஜேம்ஸ் ஒருமுறைகூட இறங்காத போட்டி அது. பெரிய நட்சத்திரங்கள் ஒதுங்கிக்கொண்ட மேடையை ஜி லீக் பையன் ஒருவர்தான் மறுபடி பேசவைத்தார்.

இந்த லீகின் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம் 2007இல் லாஸ் வேகாஸில் நடந்தது, என்பிஏ ஆல்-ஸ்டார் வார இறுதியை ஒட்டி. அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும். அணி நிர்வாகிகள், ஏஜெண்டுகள், வெளிநாட்டு கிளப்புக்காரர்கள் எல்லோரும் கூடும் ஊரிலேயே இந்த ஆட்டக்காரர்களையும் நிறுத்தினார்கள். என்பிஏ இல்லாவிட்டால் ஸ்பெயின், துருக்கி, ஆஸ்திரேலியா. பிழைப்புக்கு வழி கிடைக்கும். 2018-19இல் ஜி லீக் அடிப்படைச் சம்பளம் ஒரு சீசனுக்கு 35,000 டாலர். குறை சொல்வதானால் அந்தச் சம்பளத்தைச் சொல்லுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து சொல்கிறேன்.