ரசிகை என்று சொல்லிப் பதிவு போட வைத்தார்கள், தங்கக் காசு மட்டும் வரவில்லை

கேள்வி: குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு மூலிகைப் பொடி கம்பெனி தன் 'ரசிகர் குடும்பம்' வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தது. 60 பதிவு போட்டால் அரை கிராம் தங்கக் காசு என்றார்கள். அவர்கள் எழுதி அனுப்பியதையே போட்டேன். 'எங்கள் அம்மாவுக்கு மூன்றே வாரத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது' என்றும் ஒன்று. அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது. விளம்பரம் என்று காட்டிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். 60 முடிந்ததும் 'விதி மாறிவிட்டது, இனி 150' என்கிறார்கள். இதற்கிடையில் எதிர்வீட்டு அக்கா என் ஸ்டேட்டஸைப் பார்த்துப் பொடி வாங்கி, மாத்திரையை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேரும்படி ஆகிவிட்டது. வழக்குப் போட்டு என் காசை வாங்கலாமா? அக்கா என் மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: முதல் கேள்விக்கு, சாதாரணமாக 'வாங்கலாம்' என்றே சொல்லியிருப்பேன். 'இதைச் செய்தால் இது தருவோம்' என்று ஒருவர் அறிவித்து, இன்னொருவர் அதைச் செய்து முடித்தால் அதுவே சம்மதம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வேலை முடிந்த பிறகு 60ஐ 150 ஆக்குவது செல்லாது.

ஆனால் அதே சட்டத்தில் 23ஆம் பிரிவும் இருக்கிறது. நோக்கம் சட்டவிரோதமானால் ஒப்பந்தமே செல்லாது. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவச் சட்டம் தடுக்கிறது. கம்பெனியை மட்டுமல்ல, அந்த விளம்பரத்தை வெளியிடுவதில் யாரும் எந்தப் பங்கும் எடுக்கக் கூடாது என்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் தங்கக் காசு கேட்டுக் காட்டப்போகும் அறுபது ஸ்க்ரீன்ஷாட்டும் உங்களுக்கு எதிரான சாட்சியும் ஒன்றேதான். அரை கிராமுக்காக அந்தக் கட்டைப் பிரிக்க வேண்டாம் என்பது என் யோசனை.

'நான் ரசிகைதானே, விளம்பரக்காரியா?' என்பீர்கள். காசோ, இலவசப் பொருளோ, தள்ளுபடியோ, பரிசோ வாங்கிக்கொண்டு (தருவதாகச் சொன்னாலும்) ஒரு பொருளைப் புகழ்ந்தால், அந்தத் தொடர்பைப் பார்க்கிறவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு விதிகள் அதைத்தான் கேட்கின்றன. தவறான விளம்பரத்துக்கு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், பரிந்துரைத்தவர் மேலும்கூட. தையல் கடைக்காரர் மேல் அவ்வளவு பாயும் என்று பயமுறுத்தவில்லை. உண்மையா என்று விசாரித்துவிட்டுத்தான் சொன்னேன் என்பவருக்கு விலக்கும் உண்டு. அம்மாவுக்கு இல்லாத சர்க்கரையை இறக்கிய உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

சரி, அக்கா விஷயம். அவர் காசு கொடுத்து வாங்கியவர், அதனால் நுகர்வோர். வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கம்பெனி மேல் புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் அவர் குடியிருக்கும் இடம் போதும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். உங்களையும் எதிர்தரப்பில் சேர்க்கலாம், அதைத் தடுக்க முடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவர் வீட்டுக்குப் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லி, குழுவில் வந்த செய்திகளை அவர் வழக்குக்குக் கொடுப்பேன். கம்பெனி எழுதிக் கொடுத்த வாசகம் அது என்பதற்கு உங்களைவிட நல்ல சாட்சி அவருக்குக் கிடைக்காது.

அதற்கு முன், குழுவிலிருந்து வெளியேறாதீர்கள். முழு உரையாடலையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பதிவுகளை நீக்குங்கள். அவை பொய் என்று ஒரு ஸ்டேட்டஸும் போடுங்கள், வேறு யாராவது மாத்திரையை நிறுத்தியிருக்கக்கூடும். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100க்குப் பேசலாம். போனை மட்டும் மாற்றிவிடாதீர்கள். மின்னணுச் சாட்சிக்கு 2023 சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்று கொடுக்கும்போது எந்தப் போன் என்று கேட்பார்கள்.